ஒரு கயிறு போதும்

(கொடைக்கானலில் நூலக வாரத்தை ஒட்டி நடந்த கூட்டத்தில் பேசியது. நண்பர்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.)

அவைத் தலைவர் அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, மாணவிகளை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! இந்த ஊர்க் குளிருக்குப் பொன்னாடை எதற்கு, கம்பளி கொடுங்கள் என்று போன வருடம் இதே மேடையில் கேட்டேன். இன்று கம்பளிச் சால்வையே போர்த்திவிட்டீர்கள். கேட்டால் கிடைக்கிறது. இன்றைக்கும் ஒன்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்று செய்திகள் சொல்வதாக ஏற்பாடு. ஒன்று, ஹவாய்த் தீவுகளில் ஒரு மலையுச்சியில் வளரும் செடி. இரண்டு, அதன் மூதாதை கலிபோர்னியாவிலிருந்து கடல் தாண்டி வந்து முப்பது வகையாகப் பெருகிய கதை. மூன்று, அழிய இருந்த அந்தச் செடி பிழைத்த விதம்.

செடியின் பெயர் சில்வர்ஸ்வார்டு. நான் வெள்ளிவாள் என்று சொல்லிக்கொள்கிறேன். ஹவாய் மக்களுக்கு அது ஆஹினஹினா. மாவி தீவில் ஹாலேயாகலா என்று ஓர் எரிமலை, 3,055 மீட்டர் உயரம். அந்த மலையை விட்டால் இந்த வெள்ளிவாள் இயற்கையாக வேறெங்கும் இல்லை. சூரியகாந்திக் குடும்பம். உங்கள் வீட்டுச் சாமந்திக்கும் கொல்லைக் கரிசலாங்கண்ணிக்கும் தூரத்துச் சொந்தம். இலையெல்லாம் வெள்ளி முடி. அந்த முடி உச்சி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். இலைக்குள் கற்றாழைச் சோறு மாதிரி ஒரு கூழ், மழை இல்லாத நாளுக்கு அதுதான் தண்ணீர்த் தொட்டி. இலைகள் கிண்ணம்போலக் குவிந்து நிற்பதால் வெயில் நடுக்குருத்தில் விழுந்து, குளிரில் அதைச் சூடாக வைக்கிறது. இருபது வருடம், ஐம்பது வருடம், சில செடிகள் தொண்ணூறு வருடம்வரை அப்படியே உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு கோடையில் ஆள் உயரத்துக்கு ஒரு தண்டு கிளம்பும். நூற்றுக்கணக்கில் கருஞ்சிவப்புப் பூக்கள். விதை உதிரும், செடி செத்துவிடும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. 2018இல் குறிஞ்சி பூத்ததைப் பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். மருமகன்தான் எங்களை அந்தத் தீவுக்கு அழைத்துப் போனார். அங்கே சூர்யோதயம் பார்க்க வேண்டுமென்றால் வண்டிக்கு முன்பதிவு செய்ய வேண்டும். நடுராத்திரி எழுப்பினார்கள். "மாமா, மேல ரொம்பக் குளிரும், ஜாக்கெட் போட்டுக்கோங்க" என்றார் மருமகன். "நான் கொடைக்கானல்காரன், மாப்ள. எனக்கேவா?" என்றேன். மேலே போய்க் கதவைத் திறந்தேன். காற்று அறைந்தது. அடுத்த ஒரு மணி நேரம் மகளுடைய பூப்போட்ட இளஞ்சிவப்பு ஜாக்கெட்டில்தான் நின்றேன். அந்தப் போட்டோ எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் இருக்கிறது. கேட்காதீர்கள், தர மாட்டேன்.

விடிந்தது. கருஞ்சாம்பல் சரளையில் ஏதோ பளபளத்தது. என் வீட்டம்மா, "என்னங்க, யாரோ எவர்சில்வர் குண்டானைக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு" என்றார். முப்பத்தொரு வருடம் தாவரவியல் நடத்தியவனுக்குக் கை சும்மா இருக்குமா? பாதையை விட்டு இறங்கினேன். தொட்டுப் பார்க்கலாம் என்று குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல். பூங்கா ஊழியர், சின்னப் பெண். திட்டவில்லை. என் ஷூவைக் காட்டி, "ஐயா, வேர் மேலாகத்தான் ஓடுகிறது. நீங்கள் நிற்பது அதன்மேல்" என்றார். "ஓர் அடிதானே வைத்தேன்" என்றேன். அவர் வாகன நிறுத்தத்தைத் திரும்பிப் பார்த்தார். வண்டி வண்டியாக ஜனம். பதிலே சொல்லவில்லை. எறும்பு ஊரக் கல்லும் தேயும்! என் வகுப்பில் படித்தவர்களுக்கு இந்தப் பழமொழி காதில் புளித்திருக்கும். அன்றைக்கு அந்த எறும்பு நானாக இருந்தேன்.

எறும்பு என்றதும் நிஜ எறும்பே ஞாபகம் வருகிறது. 1967இல் அந்த மலையில் அர்ஜென்டினா எறும்பைக் கண்டார்கள், வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. மண்ணில் கூடு கட்டும் உள்ளூர்த் தேனீயின் புழுக்களை அது தின்கிறது. வெள்ளிவாள் தன் மகரந்தத்தால் தானே விதை பிடிக்காது. பக்கத்துச் செடியிலிருந்து தேனீ கொண்டுவர வேண்டும். தேனீ குறைந்தால் விதை எங்கே? எறும்பு ஊரக் கல் மட்டுமா தேயும்!

எறும்புக்கு முன்னாலேயே மனிதன் வந்துவிட்டான். மலையேறியதற்குச் சாட்சி வேண்டும் என்று செடியை வேரோடு பிடுங்கி இறங்கினார்கள். விளையாட்டுக்காகப் பிடுங்கிச் சரிவில் பந்தாக உருட்டிவிட்டார்கள். மிச்சத்தை ஆடுமாடுகள் பார்த்துக்கொண்டன. 1916இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பிடுங்குவதைத் தடுத்தார்கள், வேலி போட்டு ஆடுகளை வெளியேற்றினார்கள், பாதையைக் கோடு போட்டுக் காட்டினார்கள். செடி திரும்பி வந்தது. அண்மை வருடங்களில் மலை காய்ந்து, மறுபடி நிறையச் செடிகள் கருகுகின்றன. அதற்கு வேலி போட முடியாது. முடிந்த இடத்தில் போட்டார்கள், பிழைத்தது.

அந்த மலையின் பெயருக்குச் சூரியன் வீடு என்று பொருள். மாவி என்ற வீரனின் தாய், அடித்துச் செய்த மரப்பட்டைத் துணி காயவில்லை, சூரியன் ஓடிப்போய்விடுகிறது என்று வருந்தினாளாம். மகன் மலையேறிச் சூரியனுக்கே கயிறு போட்டு நிறுத்தி, மெதுவாகப் போகச் சொன்னானாம். துணி காயாத கஷ்டம் நம் ஊர்ப் பெண்களுக்குப் புரியும். நான் சூரியனுக்குக் கயிறு கேட்கவில்லை. வனச்சரக அலுவலர் ஐயா, நம் காட்சிமுனைக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்குக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து பாருங்கள். செல்பி எடுக்க இறங்கி இறங்கி, புல் போய், செம்மண் வழுக்கல் ஆகிவிட்டது. ஒற்றையடிப் பாதை நான்காகிவிட்டது. 2030இல் குறிஞ்சி பூக்க வேண்டிய சரிவு அது. இ-பாஸ் வண்டியை எண்ணும், செருப்பை எண்ணாது. நாற்பது மரக்குச்சி, தேங்காய் நார்க் கயிறு, ஒரு பலகை. செலவை ஓய்வூதியர்கள் நாங்கள் ஏற்கிறோம். அனுமதி மட்டும் கொடுங்கள்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். இரண்டாவது சீட்டு. கலிபோர்னியாக் கதை அடுத்த வருடம், சால்வையோடு சேர்த்து. வாசலில் மேசை போட்டிருக்கிறோம், மனுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். போன தடவை பதினொரு பேனா காணாமல் போனது. இந்தத் தடவை பேனாவையும் கயிற்றில் கட்டியிருக்கிறேன்.