அந்தப் புள்ளிகளைக் கிட்டப்போய்ப் பாருங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

காமிக்ஸ், விளம்பரப் படங்களின் பாணியில் வரைந்த அமெரிக்க 'பாப்' ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைன் 1969-இல் அச்சாக்கிய தேவாலய வரிசை, ஓவியர் மோனேவுக்குச் செய்த மரியாதையா, மோனேயைப் பார்த்து அடித்த காப்பியா? இதுதான் தலைப்பு. மரியாதைதான் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரே வரியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார்: "லிக்டன்ஸ்டைன் ஓவியர் இல்லை, ஜெராக்ஸ் கடைக்காரர்!" சரி, கடைப் பேச்சை அவரே எடுத்துவிட்டார். நானும் உங்களை ஒரு கடைக்குக் கூட்டிப் போகிறேன்.

1892. பிரான்சில் ரூவான் நகரம். பெரிய தேவாலயத்துக்கு எதிரே ஒரு துணிக்கடை. பெண்களின் உள்ளாடையும் புது மாதிரி உடையும் விற்கிற கடை. அதன் ஜன்னலோரம், ஐம்பதைத் தாண்டிய தாடிக்காரர் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். உடை பார்க்க வந்த பெண்களுக்குச் சங்கடமாக இருக்காதா? முறையிட்டார்கள். கடைக்காரர் அவரை விரட்டவில்லை. நடுவே ஒரு திரையை வைத்தார். திரைக்கு அந்தப் பக்கம் வியாபாரம். இந்தப் பக்கம் கிளாட் மோனே. அவர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, அம்மா! அவரைப் பொறுத்தவரை அந்தக் கடையில் இருந்தது ஒரே ஒரு பொருள். ஜன்னல்!

அந்த ஜன்னல் வழியாக அவர் பார்த்தது வெறும் கல்லை இல்லை. கல்லின் மேல் நகர்ந்துகொண்டிருந்த வெயிலை. காலை வெயிலுக்கு ஒரு கேன்வாஸ், வெயில் நகர்ந்ததும் அடுத்த கேன்வாஸ், மூட்டம் போட்டால் இன்னொன்று. மறு ஆண்டும் வந்தார். முப்பதுக்கு மேல் வரைந்தார். ஒரு ராத்திரி தேவாலயம் தன் மேல் இடிந்து விழுவதாகக் கனவு கண்டு, விரைவில் மனைவியாகப்போகிற ஆலிஸுக்குக் கடிதம் எழுதினார். விழுந்தது எப்படி இருந்ததாம்? நீலமாக, ரோஜா நிறமாக, மஞ்சளாக! தலையில் விழுகிற கல்லுக்கும் நிறம் பார்த்த மனிதர்.

அந்தத் திரையை மறந்துவிடாதீர்கள். ஏறத்தாழ எழுபத்தைந்து வருஷம் கழித்து அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர்தான் லிக்டன்ஸ்டைன். 1968-இல் கலிபோர்னியாவின் பசடேனாவில், ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரைந்தவர்களுக்காக கலை விமர்சகர் ஜான் கோப்ளன்ஸ் ஒரு கண்காட்சி வைத்தார். அதில் மோனேயும் உண்டு. அந்தத் தூண்டுதலில் அடுத்த ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸின் ஜெமினி அச்சகத்தில் ஆறு கல்லச்சுப் படங்கள் பிறந்தன. ஆறிலும் அதே தேவாலய முகப்பு. மோனே தூரிகையில் பிடித்த வெயிலை இவர் மையை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

நண்பரே, ஜெராக்ஸ் என்றால் ஆறும் ஒன்றுபோல இருக்க வேண்டுமே! இதே தேவாலயத்தை லிக்டன்ஸ்டைன் ஓவியமாகவும் வரைந்தார். பார்க்க இயந்திரம் செய்ததுபோல இருந்தாலும், மோனேவுக்கு ஆனதைவிடத் தனக்குப் பத்து மடங்கு நேரம் ஆகலாம் என்று அவரே சொன்னார். அசலை வரைந்ததைவிட நகல் எடுக்கப் பத்து மடங்கு நேரம் ஆகிற ஜெராக்ஸ் கடை எந்தத் தெருவில் இருக்கிறது? சொல்லுங்கள், நானும் வருகிறேன்!

மோனேயின் படத்துக்குக் கிட்டப்போனால் தேவாலயம் இருக்காது. சுண்ணாம்பு காய்ந்த சுவர் மாதிரி வண்ணம் திட்டுத் திட்டாக இருக்கும். பின்னால் நகர்ந்தால் கோபுரம் எழும். லிக்டன்ஸ்டைன் படத்திலும் கிட்டப்போனால் புள்ளி, புள்ளி, புள்ளி. நகர்ந்தால் அதே கோபுரம். மோனே கண்ணுக்கு வைத்த வேலையைப் புரிந்துகொண்டவன்தான் இதைச் செய்ய முடியும்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். ஒரு நிமிஷம் ஐயா.

என் அப்பா சிவகாசியில் ஆப்செட் மெஷின்மேன். சின்ன வயதில் ஒருநாள் அச்சகத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அப்பா ஒரு லென்ஸை காலண்டர் தாள்மேல் வைத்து, "பாரு" என்றார். பார்த்தேன். சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளிகள். "இது என்னப்பா?" "முருகன்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. "சாமி எங்கப்பா?" லென்ஸை எடுத்தார். "இப்பப் பாரு." மயில், வேல், அந்தச் சிரிப்பு!

ஒரு நிறம் மயிரிழை விலகினால் முருகனுக்கு உதடு இரட்டையாகிவிடும் என்று மெஷினை நிறுத்திவிடுவார். சோறு பிசையும்போதும் நகக்கண்ணில் நீல மை இருக்கும். அவரை ஒருவரும் ஓவியர் என்று சொன்னதில்லை. அவர் ஆயுசெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்த அந்தப் புள்ளியை, உலகத்தில் ஒருவர் பெரிதாக்கி, அதை வைத்தே ஒரு தேவாலயம் கட்டியிருக்கிறார். அதைப் பார்க்க அப்பா இல்லை. இருந்திருந்தால் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "என் லென்ஸை எடுத்துட்டு வாய்யா" என்றிருப்பார்.

வணக்கம்.