கேள்வி சர்வரில், தேதி எக்செல்லில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எக்செல் தாளிலிருந்து டேட்டாபேஸைக் கேட்க எளிய வழி, கேள்வியைத் தாளிலேயே எழுதுவதா, ஸ்டோர்டு ப்ரொசீஜராக, அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் ஆயத்தக் கேள்வியாக, சர்வரில் வைப்பதா என்பது தலைப்பு. நான் சர்வர் பக்கம்.

போடிநாயக்கனூரில் ஓர் ஏலக்காய்க் கடை. இ-ஏலம் முடிந்த மாலையே, எந்த லாட், எத்தனை கிலோ, யார் எடுத்தார், பணம் வந்ததா என்று முதலாளிக்குத் தாள் போக வேண்டும். பல டேபிள்களை இணைத்து, கேள்விக்குள் கேள்வியைச் செருகி, டேட்டாபேஸைக் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதிய நாற்பது வரியை, எக்செல்லோடு வரும் மைக்ரோசாஃப்ட் குவெரி என்ற கருவியில் ஒட்டி வைத்திருந்தார்கள். தேதியை மட்டும் ஒரு செல்லிலிருந்து எடுத்துக்கொள் என்றால், படமாகக் காட்ட முடியாத கேள்விக்குப் பாராமீட்டர், அதாவது வெளியிலிருந்து மதிப்பை நிரப்பும் இடம், கிடையாது என்று அது மறுத்துவிடும். ஆகவே கணக்குப் பார்க்கும் பெண் ஏலத்துக்கு ஏலம் நாற்பது வரிக்குள் புகுந்து தேதிகளைக் கையால் மாற்றுவார். முதலாளியின் பிரதி, ஆடிட்டரின் பிரதி, குமுளிக் கிளையின் பிரதி என்று மூன்றிலும் மாற்றுவார். ஒரு நாள் குமுளிப் பிரதியில் மட்டும் பழைய தேதி நின்றுவிட்டது. சென்ற வாரம் விற்ற 8 எம்எம் காய் இந்த வாரமும் விற்றதாகத் தாள் சொன்னது. முதலாளி கிடங்குக்குப் போய் மூட்டை எண்ணினார். ஆடிட்டரும் வந்து எண்ணினார். சிரிக்காதீர்கள், இன்னும் முடியவில்லை. மூன்றாவதாக எண்ண வந்த மூட்டை தூக்குபவர்தான், "ஐயா, இது போன வாரமே லாரி ஏறின காய்" என்றார்!

அந்த நாற்பது வரியும் இன்று ப்ரொசீஜர். எக்செல்லில் மிஞ்சியது ஒரே வரி: நெளிவு அடைப்புக்குள் 'கால்' (அழை) என்ற ஆங்கிலச் சொல், ப்ரொசீஜரின் பெயர், இரண்டு கேள்விக்குறிகள். அவை பி1, பி2 செல்களோடு பிணைந்திருப்பதால், தேதியை மாற்றினால் விடை மாறுகிறது.

எதிரணி நண்பர், "ஒரு பத்தி கூட்டுவதற்கும் டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏ வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டுமே" என்று கேலி செய்து கைதட்டல் வாங்கினார். காத்திருக்கிறோம் ஐயா! திண்ணையில் ஒருமுறை காத்திருந்தால் மூன்று பிரதிகளும் ஒருசேரத் திருந்துகின்றன. உங்கள் வழியில் கிடங்கில் அல்லவா மூன்று பேர் காத்திருந்தார்கள்? டேபிளைத் தொடும் உரிமை தராமல், ப்ரொசீஜரை இயக்கும் உரிமையை மட்டும் ஊழியருக்குத் தரவும் எங்கள் வழியில் முடியும். ஒன்று மட்டும் கவனம்: 'செட் நோகவுண்ட் ஆன்' (வரிசைகளை எண்ணிச் சொல்லாதே) என்று ப்ரொசீஜரின் தொடக்கத்தில் எழுதாவிட்டால், வரிசை எண்ணிக்கைச் செய்தியையே விடையென்று எண்ணி எக்செல் சில வேளை வெறுங்கை காட்டும். அது ஒரு வரி வேலை.

நடுவர் அவர்களே, அந்தப் பெண்ணுக்குக் கம்பத்தில் வீடு, வீட்டில் பள்ளி செல்லும் மகள். நாற்பது வரியோடு மல்லாடிய காலத்தில், தாய் வருவதற்குள் பிள்ளை உறங்கிவிடும். இப்போது இருட்டுவதற்குள் அவர் பேருந்து ஏறிவிடுகிறார். அவர் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.