பி.எஸ்.எல்.இ. தேர்வில் மூன்று மதிப்பெண்ணின் மதிப்பு

பெற்றோர்களே, வணக்கம்.

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 படிக்கும் பிள்ளைகள் பி.எஸ்.எல்.இ. என்னும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதித்தான் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகியவை பாடங்கள். 2020 வரை இருந்த டி-ஸ்கோர், மற்றப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டது. 2021இல் வந்த ஏ.எல். (அடைவுநிலை) முறையில் அந்த ஒப்பீடு கிடையாது. பிள்ளையின் மதிப்பெண் எந்த நிலைக்குள் வருகிறது என்பதுதான் கணக்கு.

அந்த நிலைகளின் அகலத்தைக் கவனியுங்கள். 90ம் அதற்கு மேலும் ஏ.எல். 1. 85, 80, 75இல் தொடங்குபவை 2, 3, 4. அதற்குப் பிறகு இடைவெளி விரிகிறது: 65 முதல் 74 வரை 5, 45 முதல் 64 வரை 6, 20 முதல் 44 வரை 7, அதற்கும் கீழே 8. நான்கு பாடத்தையும் கூட்டினால் மொத்தம். 4தான் மிகச் சிறந்தது, 32 கடைசி.

ஆங்கிலத்தில் 92 எடுக்கும் பிள்ளை உழைத்து 98 எடுத்தாலும் ஏ.எல். 1தான். அதே பிள்ளை கணிதத்தில் 62 எடுத்தால் 6. மூன்றே மதிப்பெண் ஏறினால் 5. இருந்தும் நன்றாக வரும் பாடத்துக்கே டியூஷன் வைக்கிறோம். பிள்ளையின் தூக்கம்தான் வீணாகிறது. அந்த 65க்கு இன்னொரு பலனும் உண்டு. மொத்தம் 23, 24 வாங்கி, உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கைக்கான மூன்று குழுக்களில் நடுவிலுள்ள போஸ்டிங் குரூப் 2இல் சேரும் பிள்ளையும், ஏ.எல். 5 எடுத்த பாடத்தை உயர்நிலை 1லேயே ஜி3 நிலையில், அதாவது மூன்று பாட நிலைகளில் மிகக் கடினமானதில், படிக்கலாம்.

தமிழில் வாய்மொழித் தேர்வும் கேட்டல் தேர்வும் சேர்ந்து 35 விழுக்காடு. வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைப் பார்த்து ஆசிரியரோடு உரையாட வேண்டும். ஒரு சொல்லில் பதில் சொல்லி நிறுத்தும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையும். சாப்பாட்டு மேசையில் ‘ஏன் அப்படி நினைக்கிறாய்?’ என்று தமிழிலேயே கேளுங்கள். இதற்குப் பயிற்சித்தாள் தேவையில்லை.

பள்ளித் தெரிவுக்கு ஆறு இடம் தருகிறார்கள். முதலில் மொத்த மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். கடைசி இடத்துக்கு ஒரே மதிப்பெண்ணில் பலர் நின்றால் குடியுரிமை, பிறகு நீங்கள் எழுதிய வரிசை, அதற்கும் பிறகு கணினிக் குலுக்கல். ஆகவே உண்மையிலேயே விரும்பும் பள்ளியை முதலில் எழுதுங்கள். ஆறையும் எட்டாத பள்ளிகளால் நிரப்பினால், இடம் காலியுள்ள வேறொரு பள்ளிக்குப் பிள்ளை அனுப்பப்படும். சென்ற ஆண்டு கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் மொத்தம் உங்கள் பிள்ளையுடையதைவிட எண்ணில் கூடுதலாக உள்ள பள்ளிகள் இரண்டு மூன்றாவது பட்டியலில் இருக்கட்டும்.