தாகம் தணியும், ‘மிட்டிகேட்’ ஆகாது

(வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு என் பணிவான வணக்கம்.

சென்ற மாதம் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி தன் கொப்பியை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். இடப்புறத்தில் கடினமான ஆங்கிலச் சொற்களும் வலப்புறத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லுமாக, அறுநூறு சொற்களை அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். எதைக் கேட்டாலும் தடங்கலின்றி ஒப்புவித்தாள். ‘மிட்டிகேட்’ என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லும்படி கேட்டேன். இளநீர் குடித்துத் தாகத்தை ‘மிட்டிகேட்’ செய்ததாக ஆங்கிலத்தில் சொன்னாள். தணித்தல் என்று அவள் எழுதியிருந்த பொருளில் பிழை இல்லை. ஆயினும் ஆங்கிலத்தைப் பிறப்பிலிருந்து பேசுவோர் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தமிழில் ‘தணி’ என்னும் வினை தாகத்தோடு சேரும், கோபத்தோடு சேரும், காய்ச்சலோடும் நெருப்போடும் சேரும். ஆங்கிலமோ இவற்றுக்குத் தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. தாகத்துக்கு ‘குவென்ச்’ உண்டு; கோபங்கொண்டவரை அமைதிப்படுத்த ‘பசிஃபை’ உண்டு. ‘மிட்டிகேட்’ என்பதோ பெரும்பாலும் ஆபத்து, சேதம், பாதிப்பு, தண்டனை ஆகியவற்றின் கடுமையைக் குறைப்பதற்கு வரும் சொல். மென்மையான என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், 2005இல் நம் நாட்டில் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. வெள்ளம், மண்சரிவு பற்றிய ஆங்கில அறிக்கைகளில் ‘மிட்டிகேட்’ இன்று அடிக்கடி வருகிறது. நீதிமன்றத்திலும், தண்டனையைக் குறைக்கும்படி சட்டத்தரணி எடுத்துரைக்கும் காரணங்களைக் குறிக்க அதே சொல் வரும். எந்தச் சொற்களோடு கூடி வாழ்கிறது என்று தெரியாதவரை, ஒரு சொல்லின் பொருள் நமக்குப் பாதிதான் தெரியும்.

இதைக் கேட்டவுடன், தமிழில் பொருள் எழுதியதே தவறு, ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே படிக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். அதை நான் உறுதியாக மறுக்கிறேன். அந்தப் பிள்ளை தமிழில் சிந்தித்தது பிழையன்று. ஒரே ஒரு தமிழ்ச் சொல்லோடு நின்றுவிட்டதே பிழை. ‘மா’ என்ற ஓரெழுத்து நம் வீட்டுச் சமையலறையில் அரிசி மாவாகவும் இலக்கியத்தில் மாமரமாகவும் குதிரையாகவும் பெருமையாகவும் வரக் காண்கிறோம். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் திரட்டித் தருவதற்கென்றே நம் நிகண்டுகள் தனிப் பகுதி வகுத்தன. அந்த மரபில் வந்த நாம், ‘சாங்ஷன்’ என்ற சொல் ஓரிடத்தில் அனுமதியையும் இன்னோரிடத்தில் ஒரு நாட்டின் மீது விதிக்கும் தடையையும் குறிப்பதைக் கண்டு திகைக்கத் தேவையில்லை.

பாடசாலையில் கற்ற பகுபத இலக்கணமும் இங்கே கைகொடுக்கும். சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பழகிய கண்ணுக்கு, ‘பெனவலன்ட்’ என்பதில் நன்மையைக் குறிக்கும் ‘பெனே’யும் விருப்பத்தைக் குறிக்கும் இலத்தீன் வேரும் தெரியும். அதே வேர்தான் ‘வொலன்டியர்’ என்பதிலும் இருக்கிறது. ஆனால் வேரை மட்டும் நம்பிவிடலாகாது. ‘மேனுஃபாக்சர்’ என்பதன் வேர்ப்பொருள் கையால் செய்தல். இன்று அச்சொல் இயந்திரங்கள் நிறைந்த தொழிற்சாலைகளுக்கே உரியது. ‘டிஸ்இன்டரஸ்டட்’ என்பது ஆர்வமில்லாதவர் என்று தோன்றும். கவனமாக எழுதுவோர் அதைப் பக்கஞ்சாராதவர் என்ற பொருளிலேயே ஆளுகின்றனர். நீதிபதிக்கு இந்தச் சொல் பெருமை சேர்ப்பது.

எத்தனை சொற்கள் வேண்டும் என்று பெற்றோர் பலர் கேட்கிறீர்கள். நியூசிலாந்தைச் சேர்ந்த அவெரில் கொக்ஸ்ஹெட் என்ற அறிஞர், பல துறைப் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் பொதுவாக வரும் சொற்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு பட்டியலை வெளியிட்டார். அதிலுள்ளவை 570 சொற்குடும்பங்கள்; அதாவது, ஒரு சொல்லையும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களையும் சேர்த்து ஒன்றாக எண்ணுவது. கல்விசார் எழுத்தில் வரும் சொற்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து அவற்றுள் அடங்கும். நாளுக்கு இரண்டாகக் கற்றாலும் பத்து மாதத்துக்குள் முடியும். பல்கலைக்கழகத்தில் ஆங்கில மொழிமூலத்தில் படிக்கப் போகும் பிள்ளைக்கு, எவரும் எழுதாத அரிய சொற்களைவிட இவையே முதலில் தேவை. படித்ததை மறுநாளும், மூன்றாம் நாளும், பின்னர் ஒரு வாரம் விட்டும் மீட்டுப் பாருங்கள். ஒரே இரவில் பத்து முறை உருப்போடுவதைவிட அது நிலைக்கும்.

கொழும்பில் வாழ்வோருக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. நம் சட்டங்களும் வர்த்தமானி அறிவித்தல்களும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகின்றன. இரண்டையும் அருகருகே வைத்து ஒரு பந்தியைப் படித்துப் பாருங்கள். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் ஓரிடத்தில் ஒரு தமிழ்ச் சொல்லையும் வேறிடத்தில் மற்றொன்றையும் இட்டிருப்பதைக் காணும்போது, அவர் ஏன் மாற்றினார் என்று கேளுங்கள். சில இடங்களில் மொழிபெயர்ப்பு இடறியிருப்பதும் தெரியவரும். அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இரு மொழியும் கைவந்தால் அது பெரும் பேறு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை புத்தகத்தோடு வந்து இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கும்போது, உடனே ஒரு சொல்லைக் கூறி அனுப்பிவிடாதீர்கள். அது வந்திருக்கும் வாக்கியத்தை முதலில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும், அதைத் தமிழில் விளக்கச் சொல்லிக் கேளுங்கள். விளக்கும் முயற்சியில் பிள்ளையே பொருளை நெருங்கிவிடும்.

நன்றி, வணக்கம்.