சுகர் ஏறினால் மாத்திரையைக் கூட்டுகிறோம், மனசை யார் கேட்பது?

(உலக நீரிழிவு நாளை ஒட்டி, ஒரு நூலக வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற பொது மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

நீரிழிவு நாள் கூட்டம் என்றதும் கேழ்வரகுக் களி சாப்பிடலாமா, வெந்தயத் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்கத் தயாராக வந்திருப்பீர்கள். கேளுங்கள், கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் மனச்சோர்வைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு அதிகம். ஆனால் நம் ஓ.பி. சீட்டில் ஃபாஸ்டிங் எழுத இடம் இருக்கிறது, பிரஷர் எழுத இடம் இருக்கிறது. மனசு எப்படி இருக்கிறது என்று எழுத ஒரு கட்டம் கிடையாது.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். வயது ஐம்பதை ஒட்டி. மாதாமாதம் வருவார், மாதாமாதம் சுகர் ஏறியிருக்கும். மருந்தின் அளவைக் கூட்டினோம், அப்போதும் ஏறியது. ஒருநாள், வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னேன். ஜவுளிக்கடை மஞ்சள் பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். அட்டை அட்டையாக, பிரிக்காமலே இருந்தன. சிலவற்றில் ஒன்றிரண்டு மாத்திரை மட்டும் எடுத்திருந்தது.

"ஏம்மா சாப்பிடலை?" என்றேன். கோபத்தில் கேட்கவில்லை. அவரும் பயந்து பதில் சொல்லவில்லை. "சாப்பிட்டு என்ன சார் ஆகப்போகுது?" என்றார்.

கணவருக்குச் சிறுநீரகம் பழுது, வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் பாதிகூட அடையவில்லை. நகை பேங்கில் இருக்கிறது. குழுக் கடன் தவணைக்கு வாராவாரம் ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். இந்த அம்மாவோ காலையில் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு விடியும்வரை கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். ஆனால் இவ்வளவு நாளும் என்னிடம் சொன்னது "உடம்பெல்லாம் அசதி, கால் எரியுது" என்பது மட்டும்தான். நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படித்தான் டாக்டரிடம் வரும். கை வலி, கழுத்து வலி, படபடப்பு, பசியின்மை. "மனசு சரியில்லை" என்பதை வாசற்படியிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

இதில் எது முதலில் வந்தது? நோயா, கடனா, சோர்வா? பிரித்துப் பார்க்க முடியாது. சோர்ந்த மனம் நடக்கப் போகாது, நேரத்துக்குச் சாப்பிடாது, மாத்திரையை மறக்கும். தொடர்ந்த மன அழுத்தத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடும், அது சர்க்கரையை ஏற்றும். ஏறிய சர்க்கரை நரம்பைக் கெடுக்கும், கால் எரியும், தூக்கம் போகும். தூக்கம் போனால் மறுநாள் இன்னும் சோர்வு. செக்குமாடு மாதிரி இதே வட்டம்தான்.

எல்லாச் சோர்வையும் மனசின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. தைராய்டு குறைந்தாலும் இதே முகம்தான். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டால் சிலருக்கு பி12 வைட்டமின் குறையும், அதிலும் அசதி வரும், மனம் மங்கும். ரத்தசோகையும் அப்படித்தான். ஆகவே ரத்தப் பரிசோதனையும் வேண்டும், இரண்டு கேள்வியும் வேண்டும்.

அந்த இரண்டு கேள்விகள் உலகம் முழுக்கப் புழங்குபவை. கடந்த இரண்டு வாரத்தில், வழக்கமாகப் பிடிக்கிற விஷயங்களில்கூட நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? பெரும்பாலான நாள் ஆமாம் என்றால் மேற்கொண்டு பேச வேண்டும். கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிற பெண் தன்னார்வலர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்தக் கேள்விகளை அவர் கேட்டால் என்ன?

மனநல மருத்துவர் எத்தனை பேர் இருக்கிறார்கள், இதெல்லாம் நடக்கிற காரியமா என்பீர்கள். நடத்திப் பார்த்திருக்கிறார்கள். சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் நீரிழிவு மருத்துவமனைகளில் சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை வைத்து ஓர் ஆய்வு. முடிவு 2020-இல் வந்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்காக, டாக்டர் அல்லாத ஒரு பணியாளருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நோயாளியோடு தொடர்ந்து பேசுவது அவர் வேலை. நிபுணர்கள் பின்னாலிருந்து அவருக்கு வழி சொன்னார்கள். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், சோர்வு பாதிக்குப் பாதி குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு இவற்றில் ஒன்றாவது தேறியவர்கள் இந்த இரண்டாவது பிரிவில் 100-க்கு சுமார் 72 பேர். வழக்கமான சிகிச்சையில் 57 பேர். மலைக்க வைக்கிற வித்தியாசம் இல்லைதான். ஆனால் புது மருந்து, புது மெஷின் எதுவும் இல்லாமல் கிடைத்த வித்தியாசம்.

அந்த அம்மாவிடம் வருகிறேன். டூலாக்ஸெடின் என்ற மருந்தை எழுதினேன், அது கால் எரிச்சலுக்கும் கேட்கும், மனச்சோர்வுக்கும் கேட்கும். எதற்காக என்று சொல்லித்தான் கொடுத்தேன். சொல்லாமல் கொடுத்தால், பேரன் போனில் தேடிப் பார்த்து "பாட்டி, இது பைத்தியத்துக்குக் கொடுக்கிறது" என்பான். மறுநாள் மாத்திரை குப்பைக்குப் போகும். இந்த மருந்துகள் கேட்க இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். கொஞ்சம் தேறியதும் சட்டென்று நிறுத்தவும் கூடாது.

இதற்கு நடுவில் அவருடைய தம்பி வந்தார், வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று. இந்த அம்மா "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று மட்டும் கேட்டாராம். தம்பி கெட்டவர் இல்லை. அக்கா சம்மதித்துவிட்டார் என்றே நினைத்திருக்கிறார். அது சம்மதம் இல்லை. எது போனாலும் எனக்கென்ன என்கிற நிலைமை. வேலையை விடுவது, வீட்டை விற்பது, "டயாலிசிஸ் போதும்" என்பது எல்லாமே சில சமயம் நியாயமான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அதை எடுப்பது அந்த மனிதரா, அவருடைய சோர்வா என்று பார்க்க வேண்டும். "இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள்" என்றேன். தள்ளிப் போட்டார்கள். பிறகு அந்த அம்மாவே உட்கார்ந்து கணக்குப் போட்டு, வீட்டின் முன்பகுதியைக் கடைக்கு வாடகைக்கு விட்டார். கடன் இன்னும் இருக்கிறது. மாத்திரை கடனை அடைக்காது. தவணைக்காரரிடம் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிற தெம்பைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

"தைரியமா இரு" என்று தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். அது இல்லை என்பதுதானே அவருடைய நோய்? சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்டதும் அழுதுவிட்டு ஆசுவாசமானவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்மேல் போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 2017-ஆம் வருஷ மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. ராத்திரி எத்தனை மணியானாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்யலாம். தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.

சரி, நான் ரொம்பப் பேசிவிட்டேன். கேள்விகளுக்கு வருவோம். மூன்றாவது வரிசையில் ஐயா அப்போதிருந்து கையைத் தூக்கியபடி இருக்கிறார். வெந்தயமாக இருந்தாலும் பரவாயில்லை ஐயா, கேளுங்கள்.