குப்பைமேட்டில் போட்ட சாப்பாடு மக்குமா? தோண்டிப் பார்த்துவிட்டார்கள்!

[திரையில்: பழுப்பேறிய செய்தித்தாள்]

பல பத்தாண்டுகள் குப்பைமேட்டுக்குள் புதைந்து கிடந்த செய்தித்தாள்கள். எடுத்துப் பிரித்தால் எழுத்தை அப்படியே படிக்க முடிந்தது. கூடவே ஹாட் டாக்கும் கிடைத்தது, பார்த்ததும் அடையாளம் தெரிகிற நிலையில்! யாரும் கடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்புவோம்.

தோண்டியவர் வில்லியம் ராத்ஜே, அரிசோனா பல்கலைக்கழகத் தொல்லியலாளர். மாயா நாகரிகத்தை ஆராய்ந்தவர், 1973-இல் நம் காலத்துக் குப்பையின் பக்கம் திரும்பினார். எந்த அடுக்கு எந்த வருடத்துக் குப்பை என்று அறிய அவருக்குப் பெரிய கருவி தேவைப்படவில்லை. செய்தித்தாளில்தான் தேதி இருக்கிறதே! கல்வெட்டு வேலையை நாளிதழ் செய்துவிட்டது. இன்னொன்று: எதைச் சாப்பிட்டோம், எதை எறிந்தோம் என்று வீட்டுக்காரர்கள் சொன்ன கணக்கும் அவர்கள் குப்பைத்தொட்டியில் இருந்த கணக்கும் பல சமயம் ஒத்துப்போகவில்லை. நாம் மட்டும் யோக்கியமா என்ன!

சரி, ஏன் மக்கவில்லை? இறுக்கி மூடிய மேட்டுக்குள் காற்று இல்லை. எல்லா உணவும் அப்படியே கிடக்காது, மெல்லச் சிதையும். ஆனால் காற்றில்லாமல் சிதைவதால் மீத்தேன் வரும். 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயு அது.

ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022-இல் வீணான உணவு 105 கோடி டன். அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளில். மீந்ததை ஃபிரிட்ஜின் முன்வரிசையில் வையுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அப்புறம் மிஞ்சுகிற தோலுக்கும் காம்புக்கும் காற்று கொடுங்கள். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு, மூன்று பங்கு காய்ந்த சருகு. மீட்டர் உயரத்துக்குக் குவித்தால் நுண்ணுயிர்களின் உழைப்பிலேயே உள்ளே 60 டிகிரி வரை சூடேறும். கிளறினால் ஆவி பறக்கும், அடுப்பே இல்லாமல்! சின்னத் தொட்டி அவ்வளவு சூடாகாது, ஆனாலும் மக்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே மூச்சுமுட்டுகிறது என்று பொருள். கிளறிவிட்டுச் சருகு சேருங்கள். கையில் அள்ளினால் பிழிந்த துணி போல ஈரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் ஃபிரிட்ஜில் திறக்கவே பயப்படுகிற டப்பா ஒன்று இருக்குமே, அதில் என்ன இருக்கிறது என்று கமெண்டில் சொல்லுங்கள். என்னுடையது நீல மூடி. இன்னும் திறக்கவில்லை.