வைன் தோட்டமும் கஞ்சா மலையும்: கொக்குவில் அக்காவின் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. கொக்குவிலில் இருந்து ஒரு அக்கா குரல் பதிவாக அனுப்பியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: மகள் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் இருக்கிறார். அக்காவும் கணவரும் செப்டெம்பர் கடைசியில் அங்கே போகிறார்கள். மருமகன் ஒரு கிழமை லீவு எடுத்து, நாபா வைன் தோட்டங்களையும் அதற்கு வடக்கே கஞ்சா பயிரிடும் மலைப்பக்கத்தையும் காரில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்கிறாராம். "ஆறுதலாகப் போய்வர எப்படித் திட்டம் போடுவது? எங்கள் இரண்டு பேருக்கும் குடிப்பழக்கம் இல்லை, அங்கே போய் என்ன செய்வது? கஞ்சாத் தோட்டம் என்றால் பொலிஸ் பிரச்சினை வராதா?" மூன்று கேள்விகள்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கலிபோர்னியாவில் கஞ்சா சட்டபூர்வமானது. 2016 நவம்பரில் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள், 2018 ஜனவரி 1 முதல் கடைகளில் விற்பனை தொடங்கியது. 21 வயது ஆனவர் 28.5 கிராம் வரை வைத்திருக்கலாம். எங்கள் கடற்கரைகளில் கேரள கஞ்சா பிடிபட்ட செய்தியை வாசித்தே பழகிய எங்களுக்கு, ரோட்டோரக் கடையில் விலைப்பட்டியல் தொங்குவதைப் பார்க்க விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் அது மாநிலச் சட்டம். அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள்தான். விசாவும் குடிவரவும் முழுக்க மத்திய அரசின் கையில். அதனால் விசாவில் வந்த ஒருவர் "கலிபோர்னியாவில் ஒரு தரம் பாவித்துப் பார்த்தேன்" என்று குடிவரவு அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே, அடுத்த முறை உள்ளே விடாமல் திருப்பி அனுப்ப அது காரணமாகலாம். வழக்கு, தண்டனை எதுவும் இருக்க வேண்டியதில்லை. கேட்டால் பொய் சொல்லவும் கூடாது, அது வேறு வில்லங்கம். ஆகவே அந்தக் கேள்விக்குப் பயப்படத் தேவையில்லாதபடி நடந்துகொள்வதுதான் வழி.

இது அக்காவுக்கு மட்டும் இல்லை. மகளோ மருமகனோ இன்னும் வேலை விசாவிலோ கிறீன் கார்டிலோ இருந்தால் அவர்களுக்கும் இதுதான். குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை பார்க்கிறார்கள் அல்லவா, மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் கஞ்சா சம்பந்தப்பட்ட விஷயங்கள் அதில் குறுக்கே வரலாம் என்று குடிவரவுத் திணைக்களம் 2019இல் தெளிவாகவே அறிவித்தது. எனவே பாருங்கள், கேளுங்கள், ஊர்க்கதை கதையுங்கள். வாங்காதீர்கள், பாவிக்காதீர்கள், கடை வாசலில் நின்று படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். ஜெலி போல மெல்லும் மிட்டாய், சொக்லேற் வடிவிலும் கஞ்சா வருகிறது. யார் வீட்டிலும் மேசையில் கிடக்கிற இனிப்பைக் கேட்காமல் வாயில் போட வேண்டாம், ஊருக்குக் கொண்டுவரும் பையிலும் அப்படியான ஒன்று தெரியாமல் ஏறிவிடக் கூடாது. கட்டுநாயக்காவில் இறங்கி, அது அங்கே கடையில் வாங்கியது என்று சொல்லிப் பயனில்லை.

இனி பயணம். மருமகன் வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டிருப்பார். வரைபடத்தில் தூரம் சின்னதாகத்தான் தெரியும். சன் பிரான்சிஸ்கோவில் இருந்து வடக்கே யுரேக்கா வரை ஏறக்குறைய 435 கிலோமீற்றர், எங்களுக்கு யாழ்ப்பாணம் கொழும்பு மாதிரித்தான். ஆனால் நீங்கள் பார்க்கப்போகிற இடங்கள் பெருந்தெருவில் இல்லை, அதை விட்டு விலகிப்போகும் வளைவு ரோட்டுகளில் இருக்கின்றன. அங்கே 70 கிலோமீற்றருக்கு ஒன்றரை மணித்தியாலம் சாதாரணமாகப் போகும். அதனால் ஒவ்வொரு இரவும் வேறு ஹோட்டல் என்று ஓடாமல், மூன்று இடங்களில் இரண்டிரண்டு இரவு தங்கி, திரும்பும் வழியில் ஒரு இரவு. அவ்வளவுதான். இதற்கு மேல் எதையாவது சேர்த்தால் கார் சீற்றைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

சான் ஹோசேயில் இருந்து 680ஆம் பெருந்தெருவில் ஏறினால் வழியில் கொன்கோர்ட் வரும். அங்கே சிவமுருகன் கோயில் இருக்கிறது. 1957இல் சன் பிரான்சிஸ்கோவில் சுப்பிரமுனியசுவாமி தொடக்கிய கோயிலின் தொடர்ச்சி அது. அவர் கொழும்புத்துறை யோகர் சுவாமியிடம் தீட்சை பெற்றவர். வெள்ளனவே வெளிக்கிட்டு, கும்பிட்டுவிட்டுப் போங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் தரிப்பிடம் அந்த ரோட்டில் கிடையாது.

பின்னேரம் நாபா. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நாபாவுக்கு ஒரு நாள் போதும். பள்ளத்தாக்கு 48 கிலோமீற்றர் நீளம்தான். மேற்குப் பக்கம் 29ஆம் இலக்க ரோட்டு, கிழக்குப் பக்கம் சில்வராடோ ரோட்டு. எல்லாரும் 29இல் நெரிசலில் நிற்பார்கள், நீங்கள் சில்வராடோவில் போங்கள். பேர் எல்லாம் எப்படி வந்தது என்றால், 1976இல் பாரிசில் பிரெஞ்சு நடுவர்களே தீர்ப்புச் சொன்ன கண்கட்டுச் சோதனையில் இந்தப் பள்ளத்தாக்கின் சிவப்பு வைனும் வெள்ளை வைனும் பிரெஞ்சு வைன்களை முந்திவிட்டன. அதிலிருந்து விலையும் ஏறியது, கூட்டமும் ஏறியது. 1990க்குப் பிறகு வந்த வைன் ஆலைகளுக்கு முன்பதிவு இல்லாமல் உள்ளே விட அனுமதி இல்லை. ஆகவே போகிறபோக்கில் நுழையலாம் என்று நினைக்க வேண்டாம். கலிஸ்ரோகா பக்கத்தில் இத்தாலியக் கோட்டை போலவே கட்டிய ஒரு ஆலை இருக்கிறது, காஸ்தெல்லோ டி அமரோசா. குடிக்காதவர்களுக்கும் சுற்றிப் பார்க்க அது நல்ல இடம். தங்குவதற்கு நாபாவை விட மலைக்கு அந்தப் பக்கம் சாந்தா ரோசா மலிவு.

குடிக்காதவர்கள் என்ன செய்வது என்று கேட்டீர்கள். செப்டெம்பர் கடைசியில் போகிறீர்களே, அது முந்திரிகை அறுவடைக் காலம், அக்கா. பார்க்க வேண்டியது முழுக்கத் தோட்டத்தில்தான் இருக்கும். கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் பந்தல் போட்டு, தலைக்கு மேலே குலை தொங்க வளர்க்கிறோம். அங்கே பந்தல் கிடையாது. இடுப்பளவில் கம்பி கட்டி வரிசையாக விட்டிருப்பார்கள், குலைகள் முழங்கால் உயரத்தில் இருந்து தொடங்கும். ட்ரை கிறீக் பள்ளத்தாக்கில் கம்பியும் இல்லாத சின்ஃபண்டேல் என்ற வைன் முந்திரிகையின் பழைய கொடிகளைப் பார்க்கலாம், அடிமரம் கறுத்து முறுகி, தனித்தனிச் செடியாக நிற்கும். பழமும் எங்கள் பழம் மாதிரி இல்லை. சின்னது, தோல் தடிப்பு, உள்ளே விதை, ஆனால் இனிப்பு நாக்கில் ஒட்டும்.

அறுவடை பெரும்பாலும் இரவில்தான் நடக்கும். பழம் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக நள்ளிரவு தாண்டி விளக்கு வைத்து வெட்டுவார்கள். விடிய நீங்கள் போகும்போது பழம் நிறைந்த பெரிய பெட்டிகள் ஆலை வாசலில் வந்து இறங்கிக்கொண்டிருக்கும். தெரிவு செய்யும் மேசையில் இலை, காம்பு, அழுகல் எல்லாம் கையால் பொறுக்கிப் போடுவதைக் கிட்ட நின்று பார்க்கலாம், கேட்டால் சந்தோசமாக விளக்குவார்கள். ஊரெல்லாம் புளிக்கிற பழ வாசம். எங்கள் ஆட்களுக்குக் கள்ளு முட்டி ஞாபகம் வரும்.

மருமகன் சுவைத்துப் பார்க்க விரும்பினால் ஒன்று சொல்ல வேண்டும். சுவைக்கும் அறையில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள், ஆனால் ஐந்தாறு வகை வரும். துப்புவதற்கு மேசையிலேயே ஒரு பாத்திரம் இருக்கும். துப்பினால் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள், அது அங்கே வழக்கம். அப்படி இருந்தும் ஓட்டுகிறவர் ஒரு நாளைக்கு ஒரு இடத்துக்கு மேல் வேண்டாம். மகளும் ஓட்டுவார் என்றால் மாறி மாறி ஓட்டட்டும். திறந்த போத்தல் காருக்குள் இருக்கவே கூடாது, மிச்சம் இருந்தால் டிக்கியில். கஞ்சாவுக்கும் அதே சட்டம்தான்.

மூன்றாம் நாள் குளோவர்டேல் என்ற ஊரில் இருந்து 128ஆம் இலக்க ரோட்டில் திரும்புங்கள். முழுப் பயணத்திலும் எனக்குப் பிடித்த பகுதி இது. கடற்கரை வரை சுமார் 90 கிலோமீற்றர். முதல் அரை மணித்தியாலம் ஒரே வளைவு. தலைச்சுற்று, சத்தி வருகிறவர் முன் சீற்றில் இருக்கட்டும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். பின்னால் ஐந்து வாகனம் சேர்ந்துவிட்டால் ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். அதற்கென்றே ஒதுங்கிடங்கள் இருக்கின்றன. ஒதுங்கினால் உங்களுக்கும் ஆறுதல்.

பிறகு அண்டர்சன் பள்ளத்தாக்கு திறக்கும். பூன்வில், பிலோ என்று சின்னச் சின்ன ஊர்கள். வைனுக்கு முன்னம் இங்கே அப்பிளும் ஆடும்தான் வாழ்க்கை. இன்றும் ரோட்டோரம் அப்பிள் கடைகள் உண்டு, செப்டெம்பரில் அதுவும் அறுவடைதான். அதைத் தாண்டியதும் ஒரே இருட்டு. ரெட்வுட் என்கிற வானுயர்ந்த மரங்கள் இரண்டு பக்கமும் அடைத்து நிற்கும், மத்தியானத்திலும் லைற் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். அந்த இருட்டு முடிகிற இடத்தில் கடல்.

மென்டசீனோவிலோ போர்ட் பிராக்கிலோ இரண்டு இரவு. இங்கே குளிர், அக்கா. நாபாவில் வேர்த்து ஒழுகியிருப்பீர்கள், அடுத்த நாளே இங்கே மூடுபனி. சுவெற்றர், காதுக்குத் துணி, எல்லாம் டிக்கியின் அடியில் இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். போர்ட் பிராக்கில் கண்ணாடிக் கடற்கரையைப் பாருங்கள். முந்தி ஊர்க்குப்பை கொட்டிய இடம், உடைந்த போத்தல்களைக் கடல் உருட்டி உருட்டிக் கூழாங்கல் ஆக்கிவிட்டது. பொறுக்கிக்கொண்டு வராதீர்கள்.

அங்கிருந்து முதலாம் இலக்க ரோட்டில் லெகெற் வரை போய், 101ஆம் பெருந்தெருவில் ஏறி வடக்கே போவீர்கள். மென்டசீனோ, ஹம்போல்ட், ட்ரினிற்றி என்ற மூன்று மாவட்டங்களையும் சேர்த்து மரகத முக்கோணம் என்கிறார்கள். கஞ்சாவுக்குப் பேர்போனது. ஆனால் நீங்கள் நினைப்பது போல ரோட்டோரம் பச்சைப் பசேல் என்று தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். வைன்காரர் ரோட்டோரத்தில் பலகை வைத்து வா வா என்கிறார். கஞ்சாக்காரரின் தோட்டம் மலைக்குள்ளே, மண் ரோட்டின் கடைசியில், பூட்டிய கேற்றுக்குப் பின்னால். அதற்குக் காரணம் இருக்கிறது. 1960களின் கடைசியில் நகர வாழ்க்கை வேண்டாம் என்று வந்து குடியேறிய இளைஞர்கள் மலையில் ஒளித்து வளர்க்கத் தொடங்கினார்கள். 1983 முதல் அரசாங்கம் ஒவ்வொரு அறுவடைக் காலத்திலும் ஹெலிகொப்டரில் வந்து செடிகளைப் பிடுங்கியது. அந்தப் பயத்தில் வளர்ந்த ஊர், சட்டம் மாறியதும் பலகை வைத்துவிடுமா?

சட்டம் வந்த பிறகு அவர்கள் நல்லாக இருக்கிறார்கள் என்றும் இல்லை. அனுமதிப்பத்திரம், வரி, தண்ணீர்ச் சட்டம் என்று செலவு ஏறியது. மற்ற இடங்களில் பெரிய கம்பனிகள் பெருமளவில் பயிரிட, 2021க்குப் பிறகு விலை விழுந்தது, சின்னத் தோட்டக்காரர் பலர் விட்டுவிட்டார்கள். கார்பர்வில் போன்ற ஊர்களில் மூடிய கடைகளைப் பார்ப்பீர்கள். வெங்காயம் விலை விழுந்த வருசம் எங்கள் ஊரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்து கதை கேளுங்கள், அதுதான் இங்கே பார்க்க வேண்டியது. கிளை ரோட்டுகளுக்குள் காரை விட வேண்டாம், அது தனியார் காணி, தெரியாத வாகனம் வந்தால் விரும்ப மாட்டார்கள். தோட்டம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அனுமதி பெற்ற சுற்றுலாக்கள் உண்டு. ஆனால் விசாவில் போகிற உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கார்பர்வில்லுக்கு வடக்கே பெருந்தெருவை விட்டு, இராட்சதர் சாலை என்கிற பழைய ரோட்டில் திரும்புங்கள். 50 கிலோமீற்றர், முழுக்க ரெட்வுட் காடு. அதில் ஃபவுண்டர்ஸ் குறோவ் என்ற இடத்தில் இறங்கி நடந்தால், 1991இல் விழுந்த ஒரு மரம் அப்படியே கிடக்கும். நூறு மீற்றருக்கு மேல் நீளம். ஒரு நுனியில் இருந்து மற்ற நுனிக்கு நடந்து பாருங்கள், தரைமட்டப் பாதைதான், முழங்கால் வலிக்காது. யுரேக்காவில் அல்லது ஆர்கேற்றாவில் இரண்டு இரவு தங்கலாம். அதற்கு வடக்கே ரெட்வுட் தேசியப் பூங்கா மத்திய அரசின் நிலம். அங்கே மாநிலச் சட்டத்தின் சலுகை எதுவும் எடுபடாது.

திரும்பும்போது யுரேக்காவில் இருந்து சான் ஹோசே 500 கிலோமீற்றருக்கு மேல். ஒரே நாளில் வேண்டாம். நடுவில் யுகாயாவில் ஒரு இரவு நில்லுங்கள். ஊருக்குப் பக்கத்தில், பழைய மன நோய் வைத்தியசாலை வளவில், பத்தாயிரம் புத்தர் நகரம் என்று ஒரு சீனப் பௌத்த மடம் இருக்கிறது. மயில்கள் சும்மா திரியும், நல்ல அமைதியான இடம்.

ஹோட்டல் எல்லாம் காசு திருப்பித் தருகிற முறையில் மட்டும் பதிவு செய்யுங்கள். செப்டெம்பர், ஒக்டோபர் அங்கே காட்டுத்தீக் காலம். 2017 ஒக்டோபரில் சாந்தா ரோசா நகரின் ஒரு பகுதியே எரிந்தது. வோட்ச் டியூட்டி என்று ஒரு செயலி இருக்கிறது, எங்கே தீ என்று உடனே காட்டும், மருமகனின் போனில் போடச் சொல்லுங்கள். மலைப்பக்கத்தில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வையுங்கள், பெற்றோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். தீ வந்தால் உள்பகுதி ஊர்களை விட்டுவிட்டு, முழு நாட்களையும் மென்டசீனோக் கடற்கரையில் கழிக்கிற மாதிரி இன்னொரு திட்டத்தையும் இப்போதே பேசி வையுங்கள்.